கீழ்க்கோடித் திடலில் டென்னிஸ்

பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு கையை விட்டுவிட வேண்டும். தரையில் பட்டு அது தொடைக்கு மேலே எழும்பினால் அந்தத் தரை டென்னிசுக்கு ஆகும். முழங்காலோடு நின்றுவிட்டால் ஆகாது. நானும் என் நண்பனும் ஒரு வாரம் இந்தச் சோதனையைப் புதுக்கோட்டை ஊரெங்கும் செய்துகொண்டு திரிந்தோம். யுத்த காலம், புதுப் பந்து கண்ணில் படாது. எங்களிடம் இருந்தவை ரோமம் உதிர்ந்து வழுக்கையாகிவிட்ட இரண்டு பந்துகள். அவற்றைத் தெருத்தெருவாகத் தரையில் போட்டுப் போட்டு எடுத்த எங்களைப் பார்த்து, ஏதோ ஜோசியம் பார்க்கிறோம் என்று சந்தைக்கு வந்தவர்கள் கூட நின்று கேட்டார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இண்டர்மீடியட் முடிந்துவிட்டது. காலேஜ் கோர்ட்டில் காலேஜ் பிள்ளைகள்தான் ஆடலாம். படிப்பு முடிந்த மறுநாளே நான் அங்கே அந்நியன். உத்தியோகஸ்தர்கள் கிளப்பில் இரண்டு கோர்ட்டுகள் உண்டு. அங்கே மூங்கில் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே தொந்தியோடு ஆடுகிறவர்களின் தப்பும் தவறுமான ஆட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கலாம், அவ்வளவுதான். கையில் ராக்கெட் இருந்தும் ஆட இடமில்லாதவர்கள் எங்கள் ஊரில் பதினாலு பேர் தேறினோம். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டு, பொது ஜனங்களுக்கு ஒரு டென்னிஸ் கோர்ட் வேண்டும் என்று நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். எழுதியவன் நான். யாருமே எதிர்பார்க்காதபடி, சரி என்று பதில் வந்துவிட்டது.

ஓவர்சியர் எங்களைக் கூப்பிட்டு மூன்று புறம்போக்கு நிலங்களின் அடையாளம் சொன்னார்.

“மூணுல எது ஒங்களுக்குத் தோதோ அத எழுதிக் குடுங்க. ஆனா தம்பி, வண்டிப்பாதை இருக்கப்படாது. சுடுகாட்டுப் பாதை இருக்கப்படாது. சாமி கும்புடுற எடமா இருக்கப்படாது. இருந்துச்சுன்னா அந்த எடத்த நாங்க தொடவே மாட்டோம். பின்னாடி வர்ற ஊர்ச் சண்டைய யாரு பாக்குறது?”

அவர் கொடுத்த காகிதத்தில் இந்த மூன்று ‘இருக்கப்படாது’களுக்கும் எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுத இடம் விட்டிருந்தது. எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை வந்து பார்வையிடுவதாகச் சொன்னார்.

முதல் இடம் குளத்தங்கரைக்குக் கீழே. பந்து கணுக்காலுக்கு மேல் எழும்பவில்லை. ஐப்பசியில் அங்கே டென்னிஸ் அல்ல, மீன்தான் பிடிக்கலாம். இரண்டாவது சந்தைத் திடல். பந்து எழும்பியது, ஆனால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்ததில் தெற்கே ஓடிப் போனது, அவ்வளவு சரிவு. போதாததற்கு வாரம் ஒருநாள் நூறு மாடுகள் வந்து நிற்கும் இடம்.

மூன்றாவதுதான் கீழ்க்கோடித் திடல். செம்பாறைச் சரளை. தாம்பாளம் போலச் சமமாக இருந்தது. பந்தை விட்டேன், ‘டொக்’ என்று எழும்பி என் கைக்கே திரும்ப வருவது போல வந்தது. குடத்துத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்திலேயே வட்டமாகப் பரவிற்று. நண்பன் குதித்தான். நானும் குதித்தேன். என் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் அவனிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லை வேலியிலிருந்து இருநூறு எட்டு எடுத்து வைத்தால் அந்தத் திடல். விழித்தவுடன் முதல் ஆளாகப் போய் நிற்கலாம், விளக்கு வைக்கும்வரை ஆடலாம்.

கயிறு போட்டு அளந்தோம். மாலை வெயில் கண்ணில் விழாமலிருக்கக் கோர்ட் தெற்கு வடக்காக நீள வேண்டும். மேற்கே ஒரு வாய்க்கால் பள்ளம்; அந்தப் பக்கம் ஓர் அடிகூட நகர்த்த முடியாது. அப்படி வைத்துப் பார்த்தபோது தென்கிழக்கு மூலையில், கோடு வந்து முடிகிற இடத்துக்கு நேர் மேலே, இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று நின்றது.

“மாப்ள, புத்துடா” என்றான் நண்பன். ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை, இடதுகை ஆட்டக்காரன், நல்ல தைரியசாலி. ஆனால் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மூன்று எட்டு பின்னால் போய்விட்டான்.

“கரையான் கட்டுனதுடா அது.”

“கரையான் கட்டும். குடியிருக்கிறது யாரு?”

“கரையான் பாம்புக்கு சாசனம் எழுதிக் குடுத்துருக்கா? போடா!”

அப்படித்தான் பேசினேன். ஆனால் புற்றைச் சுற்றி வந்தபோது பார்த்தேன். மஞ்சள் தூள் அப்பியிருந்தது. முட்டை ஓடுகள் கிடந்தன. பக்கத்தில் முழங்கால் உயர வேப்பங்கன்று ஒன்றில் துணிக் கிழிசல்கள் கட்டித் தொங்கின. சாமி கும்பிடுகிற இடம் என்று சொல்ல ஓவர்சியருக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை அந்தக் காகிதத்தில் மூன்றாவது வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதியதை மெய்யாக்கத் திங்கட்கிழமைவரை எனக்கு நேரம் இருந்தது.

சனிக்கிழமை உச்சிப்பொழுதில், வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும்போது, கடப்பாரையோடு போனேன். நண்பனும் வந்தான். ஆனால் முப்பது எட்டு தள்ளி ஒரு பாறைமேல் ஏறி, கையில் ராக்கெட்டோடு நின்றுகொண்டான்.

“ராக்கெட்ட வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ?”

“வந்துச்சுன்னா ஓங்கி ஒரு ஸ்மாஷ்!”

“மொதல்ல இங்கிட்டு வா.”

“இங்கேருந்தே அடிப்பேன், நீ ஒடைடா.”

சிரித்துக்கொண்டுதான் முதல் குத்துக் குத்தினேன். கடப்பாரை கல்லில் பட்டது போலத் துள்ளிற்று. கரையான் எச்சிலுக்கு அவ்வளவு உறுதி. ஐந்தாறு குத்துக்குப் பிறகு உச்சி பெயர்ந்து விழுந்தது. உள்ளே குழாய் குழாயாகத் துளைகள். அந்த வெயிலில் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று ஒன்று என் புறங்கையில் பட்டது. ஈரமான, பழைய நெற்குதிரின் மூடியைத் திறந்தது போன்ற வாசனை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முறை பின்னால் தாவினேன். குத்துவேன், தாவுவேன், பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. தரைமட்டம்வரை இடித்தபோது என் முழங்கைப் பருமனுக்கு ஒரு பொந்து கீழே இறங்கிப் போவது தெரிந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன்.

“ஒண்ணுமே இல்லடா!” என்று நண்பன் கூவிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் ஒரு யோசனையும் சொன்னான். கிளப்பில் கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் இவனுக்குச் சினேகம். கோர்ட்டுக்கு மேல்மண்ணாகப் போடப் புற்றுமண்ணுக்கு மிஞ்சி எதுவும் கிடையாது, நனைத்து அடித்தால் கண்ணாடியாகிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். அவ்வளவுதான், எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. உடைத்த மண்ணைத் தட்டி, தூளாக்கி, திடல் முழுவதும் தூவி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் அடித்தோம். தென்கிழக்கு மூலையில் ஒரு புற்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

கடைசியாக வேப்பங்கன்றைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியப் போனேன். அதில் கட்டியிருந்த கிழிசல்களில் ஒன்று சின்னத் தொட்டில். பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் கட்டுவது. உள்ளே ஒரு கூழாங்கல் படுத்திருந்தது. துணி, நீலக் கோடு போட்ட சட்டைத் துணி.

அது என் சட்டை. காலேஜில் நான் டென்னிசுக்குப் போட்டுக்கொண்டு கிழித்த சட்டை. கை மட்டும் நல்லாயிருக்கு, கரித்துணிக்கு எடுத்துக்கிடவா தம்பி என்று மதினி கேட்டு வாங்கியிருந்தார்கள்.

நண்பன் பார்க்குமுன் அந்தத் தொட்டிலை அவிழ்த்து ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் மனைவி. அண்ணனுக்குத் திருமயத்தில் வாத்தியார் வேலை. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். வீட்டில் நானும் ஆத்தாவும் மதினியும்தான். மதினிக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். இரண்டு தடவையும் ஆத்தா சொன்ன வார்த்தை ஒன்றேதான்: “வந்தவ ராசி.” தாயில்லாத பெண், போய்ப் படுக்கத் தாய்வீடு கிடையாது. இப்போது எட்டாம் மாதம் நடந்தது. எட்டு மாதமாக அவர்கள் அந்தப் புற்றுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றிவருவது எங்களில் யாருக்கும் தெரியாது. வறட்டி எடுக்கப் போகிறேன் என்றுதான் போவார்கள்.

திங்கட்கிழமை ஓவர்சியர் வந்தார். குடை நுனியால் தரையை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். தென்கிழக்கு மூலையில் நின்றார்.

“இங்க மட்டும் ஏன் ஈரமா கெடக்கு?”

“மேடு தட்டியிருந்துச்சு சார். தண்ணி விட்டு அடிச்சோம்.”

“நல்ல எடமாத்தான் பாத்துருக்கீங்க” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் வலைக்கம்பம் நடுவதாக ஏற்பாடு. நண்பன் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். தூக்கினவனின் தோளுக்கு மேலே எங்கள் வீட்டுக் கொல்லை வேலி தெரிந்தது. இருநூறு எட்டு.

சாமி, சாபம் எல்லாம் எனக்குக் கிடையாது என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். என் பயம் வேறு, அது நியாயமான பயம் என்று எனக்கு நானே வாதாடினேன். புற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அது அன்று உள்ளே இல்லை. வெளியே போயிருந்தது. திரும்பி வந்து பார்க்கும், வீடு இருக்காது. பிறகு எங்கே போகும்? நிழலாய், இடுக்காய், எலி இருக்கிற இடமாய்த் தேடும். இருநூறு எட்டில் எங்கள் விறகு அடுக்கு இருக்கிறது. அதற்கு எதிரே, குளிர்ச்சியாக இருக்கிறது என்று, மதினி பகலில் பாய் விரித்துப் படுக்கிற தாழ்வாரம்.

காலையில் எழுந்ததும் கம்பால் விறகு அடுக்கைத் தட்டுவேன். குளிக்கிற இடத்தில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஆட்டுரல் அடியில். ஒருநாளைக்கு நாலு தரம்.

“என்னடா, வீட்டுக்குள்ளயே பந்தடிக்கிறியா?” என்றாள் ஆத்தா.

“எலி, ஆத்தா.”

“படிச்ச புள்ள எலி புடிக்கிது! இதுக்குத்தான் காலேசு வச்சிருக்காகளா?”

புதன்கிழமை விறகு அடுக்குக்குப் பின்னால் பாம்புச் சட்டை கிடந்தது. முழுசாக, என் கையைவிட நீளமாக, காற்றில் லேசாக அசைந்துகொண்டு. பழசா புதுசா, சாரையா நல்லபாம்பா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கேட்கவும் முடியாது. குச்சியால் எடுத்துப் போய்ப் பள்ளத்தில் எறிந்தேன். அந்த வாரம் நான் ராக்கெட்டைத் தொடவே இல்லை.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மதினி கொல்லைப் பக்கம் போவதைப் பார்த்தேன். வயிற்றைச் சுமந்து மெல்ல மெல்லத் திடலை நோக்கிப் போனார்கள். வேலியோரம் நின்று பார்த்தேன். மூலையில் போய் நின்றார்கள். நாலு பக்கமும் திரும்பினார்கள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்பது போல எதிர் மூலைக்குப் போனார்கள். திரும்பப் பழைய இடத்துக்கே வந்தார்கள். அப்புறம் அந்தச் சமமான சிவப்புத் தரையில், நடுவெயிலில், அப்படியே நின்றார்கள். ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேலிக்குள்ளேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது டம்ளரில் பால் தளும்பத் தளும்ப இருந்தது.

அன்றிலிருந்து சாப்பாடு நின்றுபோயிற்று. சோற்றைப் பிசைவார்கள், எழுந்துவிடுவார்கள். இலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். பார்க்க வந்த ஆஸ்பத்திரி நர்சம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “வெளுத்துப் போயி கெடக்கே! நீ திங்காட்டி உள்ள இருக்குறது எதைத் திங்கும்?” என்று சத்தம் போட்டார். ஆத்தா வாசலில் யாரிடமோ, “மூணாவதையும் வாரிக் குடுக்கத்தான் இந்தக் கூத்து” என்று சொல்வது உள்ளே கேட்டது. மதினி கேட்காதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்துக் கிணற்றடியில் நான் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும்போது மெல்லக் கேட்டார்கள்.

“தம்பி, நீங்க அந்தக் கீழ்க்கோடித் திடலுப் பக்கம் போவீங்கள்ல?”

“எப்பவாச்சும் போவேன் மதினி.”

“அங்க ஒரு புத்து இருந்துச்சு. பாத்துருக்கீங்களா?”

கயிறு என் கையில் வழுக்கிற்று. “கவனிச்சதில்லயே.”

“இல்லாமப் போயிருச்சு தம்பி.” குரல் இன்னும் தாழ்ந்தது. “ஒரு வாரத்துல. மழையும் இல்ல, வெள்ளமும் இல்ல. தட தெரியல. தானாவே கெளம்பிப் போயிருச்சு. மொத ரெண்டு தடவையும் புள்ளதான் போச்சு. இந்தத் தடவ சாமியே மொதல்ல போயிருச்சு. ஆத்தாகிட்ட சொல்லிப்புடாதீங்க.”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. ‘நான்தான்.’ சொல்லவில்லை. சொன்னால் இந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டா? அண்ணன் முகத்தில் விழிக்க முடியுமா? கோர்ட் என்ன ஆகும்? இத்தனையும் ஒரு வாளித் தண்ணீர் மேலே வருவதற்குள் மனசில் ஓடி முடிந்தது. குடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆத்தா கடைக்குப் போயிருந்தாள். மதினி தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பது போலச் சொன்னார்கள்:

“நேத்து மத்தியானத்துலேருந்து புள்ள அசையல தம்பி.”

பாம்பு, ஓவர்சியர், அண்ணன், எல்லாப் பயத்தையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு இந்தப் பயம் வந்து நின்றது.

“நான்தான் மதினி ஒடைச்சேன்.”

அவர்களுக்குப் புரியவில்லை. ஜேபியிலிருந்து தொட்டிலை எடுத்து முன்னால் வைத்தேன். அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“ஒடைச்சீங்களா? எதை வச்சு?”

“கடப்பாரைய வச்சு.”

“நீங்களா? கையால? கடப்பாரையால?”

“ஆமா மதினி. பந்து வெளையாட.”

“அப்ப தானாப் போகலயா?”

“இல்ல மதினி. நான்தான். சனிக்கெழம மத்தியானம்.”

அவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பகீரென்றது, புத்தி பிசகிவிட்டதோ என்று. சிரித்துக்கொண்டே அழுதார்கள். “ஆள் ஒடைச்சதா! மனுசப்பய ஒடைச்சதா!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிறகு சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் பேசாத பேச்சுப் பேசினார்கள்: “ஒங்க கைய ஒடிச்சு அடுப்புல வைக்க! ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பொழச்சேனே. நேத்துக் கெணத்தடியில கேட்டப்ப வாயில கொழக்கட்டையா வச்சிருந்தீங்க?”

ஏசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்:

“போயி ராத்திரி வச்ச கஞ்சிய எடுத்துக்கிட்டு வாங்க.”

இரண்டு கும்பா குடித்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து அவர்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்த்தேன். ரொம்ப நேரம். அப்புறம் அவர்கள் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு விலாப்பக்கம் கையை வைத்து, “ம்” என்றார்கள். கஞ்சியால்தான் என்று இப்போதும் சொல்வேன். பட்டினி கிடந்த உடம்பில் சோறு இறங்கியது, பிள்ளை அசைந்தது. ஆனால் அந்த ‘ம்’ கேட்டபோது என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

“அந்த மண்ணு எங்க கெடக்கு?” என்றார்கள்.

“திடல் பூராவும் தூவிட்டோம் மதினி.”

“பூராவுமா? அப்ப அது பூராவும் புத்துதான். அதுமேல செருப்புக் காலோட குதிக்கப் போறீங்களா?”

“கான்வாஸ் ஷூ மதினி.”

“நல்லாயிருக்கு ஞாயம்!”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமியை வேறு இடத்துக்குக் கொண்டு போக வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் போய் வைப்பார்கள். ஒரு கைப்பிடி மண் போதும், சாமி கூட வந்துவிடும். அப்படி ஒரு பிடி எடுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேம்படியில் வைக்கச் சொன்னார்கள். அதோடு விடவில்லை.

“நான் ஒருத்திதான் அங்க போறேன்னு நெனைக்கிறீங்களா? இன்னும் நாலு பொம்பளைக வாராங்க. நாளைக்கு எவளாச்சும் பாலைக் கொண்டுக்கிட்டு வந்து, என்னய மாதிரியே நிப்பா. அவகிட்ட யாரு போயிச் சொல்லுவா?”

கும்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நழுவினேன். காலேஜில் விவாத மேடையில் பரிசு வாங்கியவன் நான்.

பிடிமண் எடுக்கப் போனேன். எது புற்றுமண், எது சரளை, ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகக் கலந்து அடித்திருந்தோம். எங்கோ ஓர் இடத்தில் சுரண்டினேன். சுரண்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஊர்வது போல இருந்தது. ஏழெட்டுத் தரம் திரும்பிப் பார்த்திருப்பேன். வேம்படியில் கொண்டு போய்க் குவித்துவைத்தபோது அது உள்ளங்கையளவு மேடு.

மதினி கேட்ட கேள்வி என்னை விடவில்லை, உண்மையைச் சொல்ல ஓவர்சியரிடமும் போனேன். அவர் ஆபீஸின் கிராதிக் கதவுவரை மூன்று தரம் போய்விட்டுத் திரும்பி, நாலாவது தரம் உள்ளே நுழைந்தேன். நான் சொல்லி முடித்ததும் அவர் அந்தக் காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

“‘இல்லை’ன்னு எழுதியிருக்கு. இது ஒன் கையெழுத்துத்தானே?”

“ஆமா சார்.”

“பொய் எழுதிக் குடுத்ததுக்கு ஒன்ன என்ன செய்யலாம் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அதுதான் பயம். அவர் பேசிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

“எந்த மூலைன்ன?”

“தென்கிழக்கு சார்.”

“நான் அங்கதானே நின்னேன்! செருப்போட! குடையால வேற தட்டுனேன்!” நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மகளுக்கு இந்தத் தையிலதான் கல்யாணம் வச்சிருக்கேன். எந்திரிச்சுப் போ. என் கண்ணு முன்னால நிக்காத.”

என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கீழ்க்கோடித் திடல் ரத்தாயிற்று. எங்களுக்குச் சந்தைத் திடலை ஒதுக்கினார்கள். மாடுகளும் சரிவுமாக, இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பொதுக் கோர்ட் அதுதான். வடக்கே நின்று ஆடுகிறவனுக்குப் பாதி ஆட்டத்தைத் தரையே ஆடிக் கொடுத்துவிடும். நண்பன் முகம் கொடுத்துப் பேச ஆறு மாதம் ஆயிற்று. “ஒரு பொம்பள சோறு திங்கலன்னு ஊருக்கே கோர்ட்டு இல்லாமப் பண்ணிட்டியேடா” என்றான். இல்லையடா, சோறு மட்டுமல்ல என்று ஆரம்பித்தேன். கேட்க அவன் நிற்கவில்லை.

அதன் பிறகு மதினிக்கு நடக்க முடியாமல் போயிற்று. வெள்ளிக்கிழமைப் பால் என் தலையில் விழுந்தது. முதல் வெள்ளி, இரண்டாவது வெள்ளி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊற்றிவிட்டு ஓடி வந்துவிட்டேன். மூன்றாவது வெள்ளி, சாயங்காலம் நாலு மணி இருக்கும், வலி வந்துவிட்டது. இன்னும் நாள் இருந்தது. அண்ணன் திருமயத்தில். ஜட்கா பிடித்து நர்சம்மாவைக் கொண்டுவந்து இறக்கினேன். அறைக்கதவு சாத்தினார்கள். ஆத்தா வெந்நீர் வெந்நீர் என்று கத்தினாள். கதவுக்கு உள்ளேயிருந்து, வலிக்கு நடுவே, மதினியின் குரல் கேட்டது:

“தம்பி... பாலு...”

டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். திடலின் குறுக்கே, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு. வேம்படியில் அந்த உள்ளங்கை மேட்டுக்கு முன்னால் நின்றபோது, அது வந்து எதிரே நின்றால்கூடத் தேவலை என்று தோன்றியது. எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துவிடுமே. ஒன்றும் இல்லை. காய்ந்த வேப்பிலை, இரண்டு எறும்பு. ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடினேன்.

வீட்டில் சத்தமே இல்லை. வெந்நீர் கேட்ட ஆத்தா தாழ்வாரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. உள்ளே பிள்ளை பிறந்துவிட்டது, அழவில்லை. நர்சம்மா பிள்ளையின் பாதத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கதவு வழியாகக் கேட்டது. தட், தட். நிற்கும். திரும்பத் தட், தட். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். எத்தனை எண்ணினேன் என்று நினைவில்லை.

அப்புறம் அழுதது. பூனைக்குட்டி மாதிரி முதலில், பிறகு தெருவுக்கே கேட்கும்படி. ஆத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பொட்டப்புள்ள” என்று நர்சம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் இருட்டுக்குள்ளிருந்து மதினி கேட்டார்கள்:

“ஊத்துனீங்களா தம்பி?”

“ஊத்திட்டேன் மதினி” என்றேன்.

ஓடின ஓட்டத்தில் முக்கால்வாசிப் பால் திடலிலேயே சிந்திவிட்டது. மேட்டில் விழுந்தது ஒரு வாய்தான் இருக்கும். அண்ணன் மகளுக்கு இப்போது ஐந்து வயதாகிறது, ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் எல்லோருக்கும் முன்னால் ஜட்காவுக்கு ஓடுகிறவன் நான்தான். ஏன் என்று மதினிக்குத் தெரியாது. பால் சிந்தியதை நான் இன்னும் சொல்லவில்லை.